படைக்கலமும் பத்திரமும்

சென்ற ஆண்டு எம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் நிகழ்ந்த சொற்போர் ஒன்றில், 'நாடுகள் படைக்கலங்களின் பொருட்டுச் செலவிடும் பணத்திற் பெரும்பகுதி கொள்ளையே' என்னும் பக்கத்தில் நின்று பேச யாம் பணிக்கப்பட்டோம். பேச்சுக்கு வேண்டும் கருவிகளைத் தேடிப் பழைய செய்திகளைப் புரட்டியபோது, அமெரிக்கக் கடற்படையார் 1980-களில் வாங்கிய சுத்தியல் ஒன்று எம் கைக்கு எட்டிற்று. அதன் விலை 435 டாலர். கடைத்தெருவில் 15 டாலர் அளவிற்கு வாங்கத்தக்க சுத்தியல் அது. அதனோடு 640 டாலர் பெற்ற கழிப்பிட மூடி ஒன்றையும் சேர்த்துக்கொண்டோம். இவ்விரண்டையும் அவையில் எடுத்து வைத்த அளவில் எழுந்த நகைப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று. எதிர்ப்பக்கத்து நண்பர், மணி அடிக்கும் வரையில் அந்தச் சுத்தியலுக்கு விடை காணாது இடர்ப்பட்டார். பரிசு எமக்கே கிடைத்தது.

பரிசு நூலைப் பெற்று விடுதிக்கு மீண்ட அன்றிரவே எமக்கு ஓர் ஐயம் தோன்றிற்று. பதினைந்து டாலர்ச் சுத்தியலால் நானூற்றிருபது டாலர் கவர நினைத்த ஒருவன், அத்தொகையை அந்தச் சுத்தியலின் நேராகவே எவரும் படிக்கும்படி எழுதிக் கொடுப்பானோ? திருடுவோன் தான் திருடியதற்குப் பட்டியல் எழுதித் தருதல் உலக வழக்கன்றே! விடுமுறையில் இதனைத் துருவிப் படிக்கலானோம். தொல்காப்பியமும் சேனாவரையமும் பயிலும் தமிழ் மாணவர்க்குச் சுத்தியல் ஆராய்ச்சி எற்றுக்கு என நண்பர் சிலர் நகையாடினர். ஆயினும், அவையில் ஒன்றை உறுதியாகச் சொல்லிக் கைதட்டல் பெற்றபின் அது பொய்யென உணர்ந்தால், அதனைத் திருத்துங் கடனும் சொன்னவர்க்கே உரியது. யாம் சொல்லியவற்றுட் செம்பாகம் பிழை. எஞ்சிய பாகமோ யாம் சொல்லியதினும் கொடியது.

முதற்கண் சுத்தியலைக் காண்போம். கடற்படையார் அதனைத் தனியே வாங்கினாரல்லர். உதிரி உறுப்புக்களும் கருவிகளும் பல அடங்கிய நீண்ட பட்டியல் ஒன்றை ஒரே ஒப்பந்தத்தால் வாங்கினர். அப்பொருள்களை ஆராய்ந்து தேர்தற்கும், மேற்பார்த்தற்கும், பொறிவல்லார் உழைப்பிற்குமாக விற்ற கம்பெனியார்க்கு ஒரு பொதுச்செலவு உண்டாயிற்று. அதனை ஒவ்வொரு பொருளின் மதிப்பிற்கும் ஏற்பப் பகிர்ந்து ஏற்றாமல், பட்டியலில் உள்ள இனங்களின் எண்ணிக்கையால் வகுத்து எல்லாவற்றின் தலையிலும் சமமாக ஏற்றிவிட்டனர். இனம் ஒன்றுக்கு 420 டாலர் வந்தது. பதினைந்தோடு நானூற்றிருபதைக் கூட்ட 435 ஆயிற்று. அதே பட்டியலிற் பல்லாயிரம் டாலர் பெறும் பொறியுறுப்பு ஒன்று இருப்பின், அதன் தலையிலும் ஏறுவது அந்த 420 டாலரே. அஃது அவ்வுறுப்புச் சுமக்க வேண்டிய பங்கினும் மிகக் குறைவு. ஆனால் அதனை எடுத்துக்காட்டி அவையை நகைப்பிப்பார் எவரும் இலர்.

இம்மலரையே சான்றாகக் கொள்க. அச்சுக்கூலி, தாள், கட்டுக்கூலி ஆகிய எல்லாவற்றையும் கூட்டி, இதில் இடம்பெறும் உருப்படிகளின் எண்ணிக்கையால் வகுத்து எழுதினால், இளையர் ஒருவர் பாடிய நான்கடி வெண்பாவும், பக்கம் பல விழுங்கும் எம் கட்டுரையும் ஒரே விலை பெறும். வெண்பாவின் அடி ஒன்றுக்கு இத்துணை ரூபாயா என்று பொருளாளர் வெகுளக்கூடும். அங்ஙனம் வெகுண்டு அவ்வெண்பாவை நீக்கினாலும் மலரின் செலவிற் பெரிதும் குறைவது ஒன்றுமில்லை. எம் கட்டுரையின் விலைதான் சற்று ஏறும்.

ஆகவே 435 டாலர் என்பது கணக்கெழுதிய முறையின் பேதைமையேயன்றி, ஒரு சுத்தியலால் அடித்த கொள்ளையன்று. அப்பொதுச்செலவு அத்துணைப் பெரிதாய் வளர்ந்தது எதனால் என்பதே கேட்கத்தக்க கேள்வி. அதனை அவையில் எவரும் கேட்டிலர், யாமும் கேட்டிலேம்.

மூடியின் கதை வேறு. ஓரியன் என்னும் பெயருடைய பி-3 வானூர்தி, கடலினடியில் இயங்கும் நீர்மூழ்கிக் கப்பல்களை வானிலிருந்து தேடுவது; 1962-ஆம் ஆண்டிற் பணிக்கு வந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் அதன் கழிப்பிடத்தின்மேற் கவியும் மூடி பழுதுபட்டது. யாம் அவையிற் காட்டியதுபோல அஃது அமரும் பலகையன்று. கண்ணாடி நாரினால் வார்க்கப்பட்டு, பீடம் முழுவதையும் போர்த்து நிற்கும் பெரியதோர் உறை. வானூர்தியின் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். எடையிற் குறைந்திருக்க வேண்டும். முன்னர் வார்த்த அச்சுக்கள் இல்லாமற் போயின; புதியனவாகச் செய்ய வேண்டியதாயிற்று. வேண்டப்பட்ட உறைகளோ 54. மொத்தம் 34,560 டாலர். வகுத்தால் ஒன்று 640 டாலர். அச்சுச் செய்யும் செலவு 54 உறைக்கும் ஒன்றே, 54,000 உறைக்கும் ஒன்றே. எம் வீட்டில் எவர்சில்வர்த் தட்டு ஒன்று மலிவாக இருப்பது, அதே தட்டை நாட்டில் எத்துணையோ இலக்கம் வீட்டார் வாங்கி, அச்சின் விலையை எம்மோடு பகிர்ந்துகொண்டமையாலன்றோ? படைக்குரிய பொருளுக்கு அங்ஙனம் பகிர்ந்துகொள்ளும் அண்டை வீட்டார் இலர்.

இதே இழவு மீண்டும் ஒருமுறை நிகழ்ந்தது. ஸி-5 என்னும் மாபெருஞ் சுமைவானூர்தியின் கழிப்பிட மூடி ஒன்றுக்கு 10,000 டாலர் வரையில் விமானப்படை கொடுத்துவந்தது என 2018-ல் வெளிப்பட்டது. அவ்வானூர்தியின் உற்பத்தி நின்று பல்லாண்டுகளாகிவிட்டன. பின்னர் அச்சே வேண்டாத முப்பரிமாண அச்சு முறையால் அம்மூடியைத் தாமே செய்துகொண்டபோது ஏறத்தாழ 300 டாலரே ஆயிற்று. சுத்தியலைப் போலன்றி, இங்கே நகைத்தவர் நகைப்பு முறையானதே; வேறு வழி உளதா என்று எவரேனும் முன்னரே நினைந்திருத்தல் வேண்டும்.

தொகை சுருங்கச் சுருங்க விலை ஏறும் என்பதற்கு இவற்றினும் பெரிய சான்றுகள் உள. பி-2 என்னும் குண்டுவீச்சு வானூர்திகள் 132 செய்யக் கருதியிருந்தனர். சோவியத்து நாட்டுப் பகை தணிந்தபின் 21 அளவில் நிறுத்திவிட்டனர். ஆராய்ச்சிக்குச் செலவானது செலவானதே. ஏறத்தாழ 4,475 கோடி டாலரை 21 ஆல் வகுக்க, வானூர்தி ஒன்றின் தலையில் 210 கோடிக்கு மேல் விழுந்தது. ஸும்வால்ட் என்னும் போர்க்கப்பல் வகையின் கதை இன்னும் வியப்புடையது. 32 கப்பல்கள் கட்ட எண்ணி, 3 கட்டினர். அக்கப்பலின் பீரங்கிக்கெனவே, நெடுந்தூரம் சென்று குறிதவறாது விழும் குண்டு ஒன்றைப் புதிதாகப் புனைந்திருந்தனர். வேறெந்தப் பீரங்கிக்கும் அது பொருந்தாது. கப்பல்கள் மூன்றாகச் சுருங்கவே குண்டு ஒன்றின் விலை 8,00,000 டாலர் அளவிற்கு ஏறிற்று. 2016-ஆம் ஆண்டில் அக்குண்டை வாங்கும் எண்ணமே கைவிடப்பட்டது. பீரங்கி இருந்தது, கப்பல் இருந்தது, சுடுதற்குக் குண்டு இல்லை! சிக்கனம் கருதிக் குறைத்ததன் விளைவு இது என்பதை எண்ணுக.

நிற்க. இதுவரை கூறியது பொருளின் விலை. இனிப் பத்திரத்தின் விலைக்கு வருவோம். கம்பெனியாரின் பொதுச்செலவு வீங்குதற்கு இஃது ஒரு பெருங்காரணம்.

அமெரிக்கப் படைக்கு வாங்கப்படும் பொருள் ஒவ்வொன்றுக்கும் அஃது எத்தன்மைத்தாய் இருத்தல் வேண்டும் என வகுத்துரைக்கும் ஓர் இலக்கணப் பத்திரம் எழுதப்பட்டு வந்தது. எமக்குப் பொருளிலக்கணம் என்றால் அகமும் புறமும். அவர்க்கோ அது திருகாணியும் பிஸ்கோத்தும். விளையாட்டன்று, சாக்கலேட்டுப் பூசிய ஒருவகைப் பிரௌனிக்கும் ஓட்ஸ் பிஸ்கோத்துக்கும் உரிய மில்-ஸி-44072 என்னும் பத்திரம் 26 பக்கம் உடையது. முட்டை எத்தகையது, வாதுமை இனத்துப் பருப்பை எந்த அளவிற் பொடித்தல் வேண்டும், மேற்பூச்சு எங்ஙனம் அமைதல் வேண்டும், இவற்றைச் சோதிக்கும் முறை யாது என எல்லாம் அதில் உள. நன்னூலாரும் இத்துணை வகைப்படுத்தியிருப்பாரோ என்று தோன்றும்.

இதனையும் நகைத்துத் தள்ளவே முதலில் எண்ணினோம். பிறகு இரண்டு செய்திகளை அறிந்தோம். போர்க்களத்து உணவுப் பொட்டலம் 80 பாரன்ஹீட் பாகை வெப்பத்தில் மூன்று ஆண்டும், 100 பாகையில் ஆறு திங்களும் கெடாதிருத்தல் வேண்டும். வானிலிருந்து எறிந்தாலும் சிதையாதிருத்தல் வேண்டும். எம் தெருமுனை ரொட்டிக் கடையார் செய்யும் பிஸ்கோத்து மூன்று நாளிற் பூத்துப்போகும். அவர்மேற் குறையில்லை, அவர் அதற்கு மேல் வாக்குறுதி செய்ததுமில்லை. இஃது ஒன்று. மற்றது, அரசினர் டெண்டர் விட்டு வாங்குவோர் என்பது. வீட்டுத் தலைவி கடைக்குப் போனால் நல்ல அரிசி எது என்று முகர்ந்து பார்த்து வாங்கலாம். முன்பு ஏமாற்றிய கடையை விட்டு வேறு கடைக்குப் போகலாம். காரணம் கேட்பார் இலர். அரசினர் அங்ஙனம் செய்யின், தமக்கு வேண்டியவர்க்குக் கொடுத்தார் என்னும் பழி உடனே வரும். ஆகையால் எவர் குறைந்த விலை கூறுகிறாரோ அவரிடம் வாங்குக என்பது விதியாயிற்று. அவ்விதி வந்தபின், பத்திரத்தில் எழுதாத நற்குணம் ஒன்றையும் விற்போனிடம் எதிர்பார்த்தல் இயலாது. எழுதப்படாத இடம் எல்லாம் பொருளின் தரம் குறையும் இடமாகும். ஆதலின் முட்டையும் எழுதப்பட்டது, பருப்பும் எழுதப்பட்டது.

இந்த அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது எனின், அதற்குப் பழைய கதை உண்டு. 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது, அரசினர் தம் கிடங்கிலிருந்த ஹால் என்னும் பெயர்த் துப்பாக்கிகள் 5,000-ஐப் பழையன என்று கருதி ஒன்று மூன்றரை டாலருக்கு விற்றனர். வாங்கினவர் கையினின்று அவை மற்றொருவர் கைக்கு மாறி, மேற்றிசைப் படைத்தலைவர் பிரெமான்ட்டுக்கு ஒன்று 22 டாலராக விலைபேசப்பட்டன. விற்றவரும் அரசினர், சில திங்களில் வாங்க முன்வந்தவரும் அரசினர்! அதே போரிற் கந்தற் கம்பளியைக் கிழித்து அரைத்து நெய்த துணியாலான சீருடைகள் மழையில் நனைந்து போர்வீரர் மேனியிலேயே பிரிந்து விழுந்தன. 'ஷாடி' என்னும் அத்துணியின் பெயரே ஆங்கிலத்தில் இழிந்த பொருளுக்குரிய சொல்லாயிற்று. 1863 மார்ச்சுத் திங்களில், அரசினரிடம் பொய்க்கணக்குக் காட்டிப் பணம் பெறுவோர் இழப்பின் இருமடங்கும் ஒவ்வொரு பொய்க்கும் 2,000 டாலரும் கட்டுதல் வேண்டும் எனச் சட்டம் பிறந்தது. பொய்யை வெளிப்படுத்துவோர்க்கு அதிற் பாதி என்றும் விதித்தனர்.

அதுமுதல், வஞ்சம் ஒன்று வெளிப்படுந்தோறும் விதி ஒன்று பிறந்தது. விதி ஒன்று பிறக்குந்தோறும் அதற்குரிய ஏடும், ஏடெழுதுவோரும், அவர் எழுதியதைத் தணிக்கை செய்வோரும் தோன்றினர். சுத்தியல் பற்றிய ஆரவாரத்தின் பின்னரும் அவ்வாறே நிகழ்ந்தது. 1986-ல் இவற்றையெல்லாம் ஆராய்ந்த பாக்கார்டு குழுவினர், குற்றம் தனி ஒருவர் வஞ்சத்தினும் முறையின் சிக்கலிலேயே பெரிதும் உளது என்று கூறினர். எம்போல்வார் அவையில் எழுப்பும் நகைப்புக்கும் ஒரு செலவு உண்டு போலும். அதனை அடுத்த சுத்தியல் சுமக்கிறது.

இவ்வேடுகளின் பாரம் எவ்வளவு என 1994-ல் கம்பெனி பலவற்றிற் புகுந்து ஆராய்ந்தவர்கள், அரசினர்க்கெனவே உரிய விதிகளால் விலையில் ஏறத்தாழ நூற்றுக்கு 18 ஏறுகிறது எனக் கணித்தனர். அவ்வாண்டு ஜூன் 29-ஆம் நாள், பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் பெர்ரி என்பார் ஓர் ஆணை பிறப்பித்தார். படைக்கெனத் தனி இலக்கணம் எழுதுவதை விடுத்து, சந்தையில் வழங்கும் தரங்களையே கொள்க. பழைய இலக்கணம் வேண்டுவோர் காரணம் காட்டித் தனி அனுமதி பெறுக என்பது அதன் கருத்து. கரும்பலகைத் துடைப்பான் ஒன்று வாங்க மூன்று கடையின் விலைப்பட்டியலும் இரண்டு கையொப்பமும் தேடி அலைந்த மன்றச் செயலர் எவரும் இவ்வாணையைக் கேட்டு மகிழாதிரார், யாமும் மகிழ்ந்தோம்.

ஆனால் 2012-ல் அமெரிக்க ஸெனெட்டின் படைத்துறைக் குழுவார் வெளியிட்ட அறிக்கை எம் மகிழ்ச்சியைக் குறைத்தது. 2009, 2010 ஆகிய ஈராண்டுகளில் மட்டும் படைக்கலங்களுக்கு வந்த மின்னணு உறுப்புக்களிற் போலியென ஐயுறத்தக்க 1,800 நிகழ்ச்சிகளை அவர்கள் கண்டனர். உறுப்புக்களின் தொகை பத்து இலக்கத்திற்கு மேல். கழித்தெறிந்த கணிப்பொறிகளிலிருந்து உருவி எடுத்து, மேற்புறத்தைத் தேய்த்து, புதிய எண் பொறித்து விற்கப்பட்டவையும் அவற்றுள் அடங்கும். பெர்ரியின் ஆணையே இதற்குக் காரணம் என்று கூறுதல் அடாது. வானூர்தி நாற்பது ஆண்டு பறக்கிறது. அதன் உள்ளே உள்ள உறுப்பைச் செய்தவர் சில ஆண்டுகளிலேயே அதனைச் செய்வதை நிறுத்திவிடுகின்றனர். பின்பு இடைத்தரகரிடம் அன்றி வேறெங்கும் அது கிடைப்பதில்லை. எனினும், இவ்வுறுப்பு எவரிடமிருந்து எவர் கைக்கு வந்தது என்னும் ஏடு இல்லாத இடத்தில் போலி புகுந்தது என்பதில் ஐயமில்லை.

இங்ஙனம் இருபுறமும் அலைந்த எம் கருத்தை நிலைநிறுத்தியது ஒரு கப்பலின் கதை. அதனைச் சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

திரெஷர் என்பது அணுவாற்றலால் இயங்கிய அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல். தன் காலத்தில் அவ்வினத்துள் முதன்மையானது. பல திங்கள் துறையில் நின்று பழுதுபார்க்கப்பட்டபின், 1963-ஆம் ஆண்டு ஏப்பிரல் 10-ஆம் நாட் காலையில், கேப் காட் முனைக்குக் கிழக்கே ஏறத்தாழ 220 மைலில், ஆழ்ந்து மூழ்கும் சோதனையை மேற்கொண்டது. மேலே ஸ்கைலார்க் என்னும் துணைக்கப்பல் நின்றது. சிறியதோர் இடர் நேர்ந்துளது, மேலெழ முயல்கின்றோம் என்னும் கருத்துப்படச் செய்தி ஒன்று வந்தது. அதன்பின் தெளிவற்ற ஒலிகள். அதன்பின் ஒன்றுமில்லை. கப்பலில் இருந்த 129 பேரும் மாண்டனர். அவருள் 17 பேர் படைவீரரல்லர். சோதனையைக் காணச் சென்ற தொழிலறிஞர்.

உடைந்த கப்பல் 8,400 அடி ஆழத்திற் கிடந்தமையின் காரணத்தைக் கண்ணாற் கண்டவர் இலர். ஆராய்ந்தோர் பெரும்பாலும் ஏற்ற கருத்து, கடல்நீர்க் குழாய் மூட்டு ஒன்று பிளந்து நீர் உட்புகுந்தது என்பது. அக்கப்பலில் கடலின் முழு அழுத்தத்தையும் தாங்கிய குழாய் மூட்டுக்கள் ஏறத்தாழ 3,000; அவை வெள்ளி கலந்த பற்றாசினால் இணைக்கப்பட்டவை. ஆசிடை நேரிசை வெண்பாவில் முதற் குறளையும் தனிச்சொல்லையும் இணைக்கும் அசைக்கு 'ஆசு' என்னும் பெயர், பொற்கொல்லர் பொடிவைத்து ஊதும் இப்பற்றாசினின்றே வந்தது என உரையாசிரியர் கூறுவர். பொற்கொல்லர் வேலையிலும் சரி, இக்கப்பலிலும் சரி, பற்றாசு உள்ளே முழுதும் பாய்ந்துள்ளதா என்பது வெளியே தெரியாது. வெளிவிளிம்பில் ஒளிவிடும், உள்ளே வெறுமையாய் இருக்கும்.

உள்ளே காண ஒரு வழி அப்போது புதிதாக வந்திருந்தது. செவிக்கெட்டா ஒலியலைகளைச் செலுத்திச் சோதிப்பது. திரெஷர் துறையில் நின்ற காலத்தில் 145 மூட்டுக்களை அம்முறையாற் சோதித்தனர். அவற்றுள் நூற்றுக்கு 14 தரங்குறைந்தன என்று கண்டனர். அதே கணக்கைக் கப்பல் முழுமைக்கும் விரித்தால் 400-க்கு மேற்பட்ட மூட்டுக்கள் குறையுடையனவாய் இருந்திருத்தல் கூடும். ஏன் 145-ஓடு நின்றனர்? கப்பல் புறப்படுதற்குத் தாமதம் நேராத அளவிற்கே சோதனை செய்க என்பது ஏற்பாடு. அந்த 145-இன் முடிவு ஏட்டில் இருந்தது. எஞ்சியவற்றைப் பற்றி ஏட்டில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத ஏட்டோடு 129 பேர் கடலினடிக்குச் சென்றனர்.

அவ்வாண்டு திசம்பரில் 'ஸப்ஸேஃப்' என்னும் ஏற்பாடு தொடங்கிற்று. அதன்படி, கடல்நீரைத் தடுத்து நிற்கும் உறுப்பு ஒவ்வொன்றுக்கும், உருக்கிய உலோகத்தின் கலவை யாது, அது தாங்கிய இழுப்பு எவ்வளவு, பற்றவைத்தவர் யார், சோதித்தவர் யார், எந்த நாள், எந்தக் கருவியால் என்பன எல்லாம் எழுத்தில் இருத்தல் வேண்டும். நன்றாகத்தான் செய்தோம் என்னும் வாய்ச்சொல் செல்லாது. அளந்து கண்ட சான்று வேண்டும். சான்றில்லாத உறுப்பு, பார்வைக்கு எத்துணைச் செம்மையாயினும், இல்லாத உறுப்பே. கடையில் வாங்கும் அதே வால்வினும் இக்கப்பலின் வால்வு பன்மடங்கு விலை பெறுதற்கு இப்பத்திரம் ஒரு பெருங்காரணம். அதனை எழுதவும், காக்கவும், பல்லாண்டுக்குப் பின் தேடி எடுக்கவும் ஆட்கள் வேண்டும்.

பயன் யாது? 1915 முதல் 1963 வரையில், போரிலன்றி விபத்தினால் மட்டும் அமெரிக்கர் இழந்த நீர்மூழ்கிகள் 16. அதன்பின் இழந்தது ஒன்றே. அது 1968-ல் 99 பேரோடு மூழ்கிய ஸ்கார்ப்பியன். அதற்கு ஸப்ஸேஃப் சான்றிதழ் அளிக்கப்பட்டிருக்கவில்லை.

இவ்வேற்பாட்டில் எம்மைக் கவர்ந்த கூறு ஒன்று உண்டு. அது கப்பல் முழுவதையும் தழுவுவதன்று. நீர் உட்புகாது தடுப்பனவும், புகுந்தபின் கப்பலை மேலெழச் செய்வனவும் ஆகிய உறுப்புக்களே அதன் எல்லைக்குள் வரும். அடுக்களைப் பாத்திரத்திற்கும் படுக்கைக்கும் அதில் இடமில்லை. எங்கே எழுத வேண்டும் என்பதை உணர்ந்தவர், எங்கே எழுத வேண்டா என்பதையும் உணர்ந்திருந்தனர். பிஸ்கோத்துக்கும் கடல் வால்வுக்கும் ஒரே தன்மைத்தான ஏடு கேட்பதே ஏனைய இடங்களில் யாம் கண்ட நோய்.

யாம் அவையிற் சொல்லிய கொள்ளை எங்குமே இல்லையோ எனின், உளது. ஆனால் சுத்தியலில் இல்லை. 2019-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமைத் தணிக்கையாளர், வானூர்தி உறுப்புக்கள் விற்ற ஒரு கம்பெனியின் 47 இனங்களை ஆராய்ந்தார். அவற்றுள் 46 இனங்களில் முறைக்கு மிஞ்சிய ஊதியம் பெறப்பட்டிருந்தது. ஓர் இனத்தில் அது நூற்றுக்கு 4,000-க்கும் மேல். மிகையாகப் பெற்றது 1 கோடியே 61 இலக்கம் டாலர். கம்பெனியார் பின்னர் அதனைத் திருப்பித் தந்தனர். இஃது எங்ஙனம் இயன்றது? அடக்கவிலைக்குச் சான்று காட்டுக என விற்போரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் 1962-லேயே பிறந்துவிட்டது. ஆனால் அது குறித்த ஒரு தொகைக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களையே கட்டும். அக்காலத்து அவ்வெல்லை பெரும்பாலும் 7,50,000 டாலர். அவ்வுறுப்புக்களோ பெரும்பாலும் அதற்குட்பட்ட சிறு சிறு ஒப்பந்தங்களாக வாங்கப்பட்டன. அவற்றை வேறெவரும் செய்வதுமில்லை. சான்று கேட்கப்படவில்லை, கேட்ட இடத்தும் தரப்படவில்லை. ஏடு மிகுதியாக இருந்த இடத்தில் யாம் கொள்ளையைத் தேடினோம். அஃது ஏடு இல்லாத இடத்தில் அமைதியாக நடந்துகொண்டிருந்தது.

இதனை எதிர்ப்பக்கத்து நண்பரிடம் கூறியபோது அவர் பெரிதும் மகிழ்ந்து, "அப்படியானால் பரிசு நூலை இங்கே தாரும்" என்றார். பாதியையே தர ஒப்பினோம். ஏனெனில் அவர் அறியாத மற்றொரு செய்தியும் எம்மிடம் இருந்தது.

மேற்கூறிய ஏடுகள் எல்லாம் மெய்யாய் இருந்தால் அன்றோ பயன்? வாஷிங்டன் மாநிலத்து டக்கோமா நகரில் ஒரு வார்ப்படச் சாலை, நீர்மூழ்கிகளுக்குரிய எஃகு வார்ப்புக்களைச் செய்து வந்தது. அதன் சோதனைக் கூடத்துத் தலைமையில் இருந்த உலோகநூல் வல்லுநர் ஒருவர், 1985 முதல் 2017 வரையில், 240-க்கு மேற்பட்ட வார்ப்புக்களின் சோதனை எண்களைத் திருத்தி எழுதிவந்தார். எஃகு குளிரில் நொறுங்காதிருக்கிறதா என்பதைச் சில சோதனைகளில் பூச்சியத்திற்குக் கீழ் 100 பாரன்ஹீட் பாகையிற் பார்த்தல் வேண்டும் என்பது கடற்படையின் விதி. அவ்வளவு குளிரில் எந்தக் கப்பலும் செல்வதில்லையே, இது மூடத்தனம் என்று தமக்குத் தோன்றியதால் தேறாதவற்றையும் சில வேளை தேறியனவாக எழுதியதாக அவர் பின்னர்க் கூறினார். அவர் பணம் பெற்றுக்கொண்டு செய்ததாக எவரும் கூறவில்லை. சொற்போர் மேடையில் யாம் இருபத்தாறு பக்கப் பத்திரத்தை நகைத்த அதே நகைப்புத்தான் அவர் உள்ளத்திலும் இருந்தது என எண்ணும்போது எமக்குச் சற்று நடுக்கம் உண்டாகிறது.

அவர் இடத்திற்கு வரவிருந்த இளைஞர் ஒருவர் பழைய ஏடுகளைப் புரட்டியபோது எண்கள் ஐயத்திற்கிடமாக இருத்தலைக் கண்டார். அதனால் 2017-ல் எல்லாம் வெளிப்பட்டது. கம்பெனி ஒரு கோடிக்கு மேற்பட்ட டாலர் கட்ட உடன்பட்டது. அவ்வல்லுநர்க்கு 2022-ல் இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வார்ப்புக்களால் எந்தக் கப்பலும் மூழ்கியதாகச் செய்தி இல்லை. ஆயினும் எந்த வார்ப்பு எந்தக் கப்பலில் எவ்விடத்துப் பொருந்தியுளது என்பதைக் கடற்படையார் மீண்டும் தேடி ஆராய வேண்டியதாயிற்று. அக்கப்பல்களை இனிமேற் காத்து ஓட்டுதற்கு முன்னினும் மிகுதியான செலவாகும் என்றும் நீதிமன்றத்தில் தெரிவித்தனர். அந்தத் தேடலுக்கு அவர்களிடம் இருந்த துணை, எந்த உலையில் எந்த நாளில் உருக்கிய எஃகு எந்தக் கப்பலுக்குச் சென்றது என்று எழுதிவைத்த பழைய ஏடுகளே.